செருப்பால் உடைந்த கண்ணாடி

அம்புரோஸ் பெல்லிங் குடும்பத்தோடு வெளியூர் கிளம்பினால், ஆல்டர்ஹோ மாளிகையில் முதல் வேலை ஜன்னல்களைக் கழற்றுவது. பெட்டி கட்டுவதெல்லாம் அப்புறம். தச்சன் ஹாப் ஏணியில் நின்று நாற்பத்தோரு கண்ணாடிச் சட்டங்களையும் ஒவ்வொன்றாகக் கொக்கியிலிருந்து தூக்கிக் கொடுக்க, அம்புரோஸ் அவற்றைக் கைக்குழந்தை மாதிரி வாங்கி, வைக்கோலில் சுற்றி, கம்பளி போர்த்தி, மரப்பெட்டிக்குள் படுக்க வைப்பார். நார்விச்சில் இருக்கிற மைத்துனர் வீட்டில் மூன்று வாரம் தங்கிவிட்டு வருவதற்குத்தான் இந்த அமர்க்களம். புயல் அடிக்கும், திருடன் வருவான், வீட்டில் விட்டுவிட்டுப் போன வேலைக்காரி எலியை அடிக்கிறேன் என்று விளக்குமாற்றை வீசுவாள் என்று மனுஷருக்கு ஆயிரம் பயம்.

"கல்யாணமான அன்னிக்கு என்னைக்கூட நீங்க இவ்வளவு பத்திரமாக் கூட்டிட்டு வரல. கொட்டுற மழையில கம்பளி மூட்டைக்கு நடுவுல உக்காத்தி வச்சுக் கொண்டாந்தீங்க" என்பாள் தாமசின்.

"நீ உடைய மாட்டேடி. அது தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டேன்" என்பார் அவர், வைக்கோலிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருடைய அப்பா காலத்தில் ஜன்னலுக்கு எண்ணெய் தடவிய துணிதான். பட்டப்பகலில் மெழுகுவத்தி ஏற்றித்தான் சாப்பாடு. கம்பளி விற்றுச் சம்பாதித்ததையெல்லாம் அம்புரோஸ் கண்ணாடியில் போட்டார். 'பெல்லிங்குக்குச் சுவர் எழுப்பக் கல் போதவில்லை போலிருக்கிறது, மிச்சத்தை ஜன்னலாக வைத்து ஒப்பேற்றிவிட்டான்' என்று ஊரில் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அத்தனை பேரும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்து, அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து, வறுத்த வாத்தை எலும்பு மிச்சமில்லாமல் தின்றுவிட்டுத்தான் போனார்கள்.

தாமசின் அவருக்கு இரண்டாம் தாரம். அவள் வந்தபோது அவளுக்கு இருபத்து நாலு வயது, மூத்தவள் விட்டுப்போன பையன் ஜெர்வாஸுக்கு ஆறு. வாசலில் நின்று, சொல்லிக்கொடுத்தபடி தொப்பியைக் கழற்றிக் குனிந்து, "வாங்க அம்மணி" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருபது வருஷமாக அவனுக்கு அவள் அம்மணிதான். காய்ச்சலில் அவனுக்கு ஈரத்துணி போட்டுப் பதினோரு நாள் கண் விழித்தாள். "நன்றி அம்மணி" என்றான். மரியாதைக்குக் குறைச்சல் கிடையாது. அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் பெற்ற இரண்டும் ஒரு மாதம்கூடத் தங்காமல் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டன. இருந்தது இவன் ஒருவன்தான். அவனோ எட்டி நின்றே வளர்ந்தான்.

அவனுக்கு எட்டு வயதாக இருக்கும்போதுதான் அந்தக் கண்ணாடி உடைந்தது. வாசல் முகப்புக்கு மேலே இருக்கிற சின்ன அறையில் அவன் தூங்குவான். ஒரு நாள் அங்கே சலங் என்று சத்தம். தாமசின் ஓடிப்போய்ப் பார்த்தால், ஜன்னல் சட்டத்தில் ஒரு சில்லு இல்லை. பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுண்ணாம்பாக வெளுத்து நிற்கிறான். படிக்கட்டில் அம்புரோஸின் காலடிச் சத்தம். யோசிக்க நேரமில்லை.

"நான்தான்" என்றாள் அவர் உள்ளே நுழைந்ததும். "பூனை வந்துச்சு. செருப்பை விட்டு எறிஞ்சேன். குறி தப்பிடுச்சு."

அம்புரோஸ் உடைந்த சட்டத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், அவளை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தார். அப்படியே இறங்கிப் போய்விட்டார். அடுத்த வாரம் ஹாப் எங்கிருந்தோ ஒரு மட்டமான பச்சைச் சில்லைக் கொண்டுவந்து அந்த இடத்தில் ஈயம் வைத்து ஒட்டினான். அதன் நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு காற்றுக்குமிழி. அதன் வழியாகப் பார்த்தால் மாதா கோயில் கோபுரம் இடுப்பு ஒடிந்து நிற்கும்.

அன்றிலிருந்து பதினெட்டு வருஷம் அம்புரோஸ் அவளை விடவில்லை. சந்தையில் அவள் செருப்பை எடுத்துப் பார்த்தால், "காலுக்கா, ஜன்னலுக்கா?" என்பார். விருந்தாளிகளிடம், "அம்மா பக்கத்துல உக்காராதீங்க, செருப்பு பறக்கும்" என்பார். அவள் முறைப்பாள். ஜெர்வாஸ் தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிடுவான்.

இந்த வருஷம் இலையுதிர் காலத்தில் அம்புரோஸ் படுத்தார். நெஞ்சுச் சளி. முதலில் கஷாயம், அப்புறம் வைத்தியர், அப்புறம் பாதிரியார் என்று வழக்கமான வரிசையில் ஆட்கள் வந்தார்கள். பாதிரியார் மையும் தாளும் கொண்டுவந்தபோதுதான் உயில் எழுதப் போகிறார்கள் என்று தாமசினுக்கு உறைத்தது.

அவளுக்குத் தெரியும், வீடும் நிலமும் மகனுக்குத்தான். அது நியாயம். புருஷன் போனால் பெண்டாட்டி நாற்பது நாள் அவன் வீட்டில் இருக்கலாம் என்பது சட்டம். அதற்குப் பிறகு தனக்கென்று எழுதிவைத்த இடத்துக்குப் போக வேண்டியதுதான். அவளுக்குக் கல்யாணத்தின்போதே எழுதிவைத்திருந்தது சதுப்புக்கரைப் பண்ணை. இரண்டு அறை வீடு, பத்து ஏக்கர் நிலம், வருஷம் முழுக்க ஈரம். ஆனால் நல்ல புருஷன்மார்கள் உயிலில் ஒரு வரி சேர்ப்பதுண்டு: 'என் மனைவி தன் ஆயுள்வரை இன்ன அறையில் இருந்துகொள்வாளாக' என்று. அந்த ஒரு வரிக்காக அவள் அவர் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"வாசல் மேல இருக்கற அந்தச் சின்ன ரூமை எனக்குன்னு எழுதிடுங்களேன். வேற எதுவும் வேணாம்."

அம்புரோஸ் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "எழுதினா, காகிதம் சொல்லுதேன்னு உன்னை வச்சிருப்பான். அப்படி இருக்க உனக்கு சம்மதமா?"

"இருக்க இடம் கிடைச்சா சரி."

"பொய் சொல்றதுன்னா ஒழுங்காச் சொல்லக் கத்துக்கடி. இத்தனை வருஷமாச்சு, இன்னும் வரல உனக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அக்டோபரில், லூக்கா திருநாளுக்கு மறுநாள் அவர் போய்ச் சேர்ந்தார். தாமசின் அழுதாள், மூச்சு முட்டும்வரை அழுதாள். அவர் திட்டு இல்லாத வீடு அவளுக்கு அந்நியமாக இருந்தது. அடக்கம் முடிந்து, ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்து முடித்த பிறகு, பெரிய கூடத்தில் பாதிரியார் உயிலை வாசித்தார். வீடு, நிலம், ஆட்டு மந்தை ஜெர்வாஸுக்கு. ஹாப்புக்கு ஒரு கறுப்பு மேலங்கி. அப்புறம், "என் வீட்டுக் கண்ணாடி முழுவதும் என் மனைவி தாமசினுக்கு."

கூடத்தில் ஒரு சலசலப்பு. வீடு மண்ணோடு சேர்ந்தது, கண்ணாடி அப்படியல்ல. கட்டில், கரண்டி மாதிரி அதுவும் தூக்கிக்கொண்டு போகிற பொருள், யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் இருபது வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு ஜன்னலா?

தாமசின் கேட்டது ஒரு அறை. கிடைத்தது அவர் கொஞ்சிக் கொஞ்சி வைக்கோல் சுற்றிய சில்லுகள். சாகும்போதும் கிண்டலா? பாதிரியார் மூச்சு வாங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"நாப்பது நாள் இருக்கு. அதுக்குள்ள கிளம்பிடறேன்" என்று கூடத்துக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மருமகள் லெட்டிஸின் மடியில் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

ரோஷக்காரி. ரோஷம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். அப்புறம் அந்த வாய்ச் சொல்லுக்குக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாராவது வந்து 'போகாதீங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூட்டையை அவிழ்த்திருப்பாள். யாரும் வரவில்லை. ஜெர்வாஸ் தினமும் காலையில் "சுகமா அம்மணி?" என்று கேட்டான், "சுகம்" என்றாள். இரண்டு பேரும் அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அவன் வாய் திறப்பான் என்று அவள் பார்த்தாள். அவன் சில நாள் கதவு வரைக்கும் வந்து, நெஞ்சுப் பக்கம் அங்கியைத் தடவிக்கொண்டு நின்று, திரும்பிப் போனான்.

லெட்டிஸ் பெரிய இடத்துப் பெண். நன்றாகப் பாடுவாள், நன்றாகத் தைப்பாள். நவம்பரில் மார்ட்டின் திருநாளுக்கு மாடு அடித்துக் குளிர்காலத்துக்கு உப்பில் போடுகிற வேலையெல்லாம் அவள் பிறந்த வீட்டில் யாரோ செய்தது. இங்கே உப்புத்தொட்டிக்கு முன்னால் நின்று சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். தாமசின் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உப்பு குறைச்சல் என்று மூக்கு சொல்லிற்று. சொல்ல வாய் துடித்தது. 'இனிமே நமக்கென்ன' என்று உதட்டைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போனாள். அந்த உதட்டைக் கடிக்கிற வேலை அவளுக்குக் கணவன் போனதைவிடக் கொஞ்சம்தான் குறைவாக வலித்தது.

முப்பத்தொன்பது நாள் ஓடியது. நாற்பதாம் நாள் காலை, வெளியே வண்டி நிற்க, ஹாப் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான்.

"எஜமானியம்மா, ஒரு சந்தேகம்" என்றான். "சதுப்புக்கரை வீட்டுல மொத்தமே ரெண்டு ஜன்னல். நாப்பத்தோரு சட்டத்தை எங்க மாட்டுறது? கோழிக்கூண்டுக்கா?"

"கோழிக்கு வெளிச்சம் வேணாமா?"

"முட்டை போடும்போது வெக்கப்படும்மா."

"உன் வாயை மூடிக்கிட்டு இறக்குடா."

ஹாப் இறக்கினான். பெரிய கூடம், சாப்பாட்டு அறை, படுக்கை அறைகள். அம்புரோஸ் இருந்த இடத்தில் தாமசின் நின்று ஒவ்வொரு சட்டமாக வாங்கினாள், வைக்கோலில் சுற்றினாள். அவர் எப்படிச் சுற்றுவாரோ, மூலையில் இரண்டு மடிப்பு விட்டு, அப்படியே அவள் கை செய்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கழற்றக் கழற்ற நவம்பர் காற்று வீட்டுக்குள் புகுந்து ஆளுக்கு முன்னால் மாடியேறியது. திரைச்சீலைகள் எழும்பின. அடுப்புப் புகை போகிற வழி தெரியாமல் கூடத்துக்குத் திரும்பி வந்தது. வேலைக்காரிகள் திறந்த ஜன்னல்களில் எண்ணெய்த் துணியை ஆணி அடித்து மறைக்க, வீடு ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு வந்தது. நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்தது கை கால்தான்.

நாற்பது சட்டங்கள் பெட்டிக்குள் போயின. கடைசியாக வாசல் மேல் இருக்கிற சின்ன அறை. ஹாப் ஏணியை நிமிர்த்தியபோது, ஜன்னலை மறித்துக்கொண்டு ஜெர்வாஸ் நின்றான். இருபத்தாறு வயது ஆள், தாடி வைத்த ஆள், சுவரோடு ஒட்டிக்கொண்டு சுண்ணாம்பாக வெளுத்து நின்றான்.

"நகருப்பா. பொழுது போகுது" என்றாள் தாமசின்.

"மத்ததெல்லாம் எடுத்துட்டுப் போங்க அம்மணி. துணி கட்டிக்கிட்டு இருந்துடறோம். இது ஒண்ணை விட்டுட்டுப் போங்க."

"உள்ளதுலயே மட்டமானது இதுதான். பச்சைச் சில்லு வேற. இது எதுக்கு உனக்கு?"

அவன் அங்கிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தான். நாற்பது நாள் நெஞ்சில் கிடந்து மடிப்பு நைந்துபோயிருந்தது. பாதிரியார் எழுதிய உயிலிலிருந்து அவன் தன் கையால் பிரதி எடுத்தது.

"அன்னிக்குப் பாதியில எழுந்து போயிட்டீங்க. இன்னும் இருந்துச்சு. நானே சொல்லிக்கறேன், யாரும் வாய் திறக்காதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன்" என்றான். தாளை விரித்து நிறுத்தாமல் வாசித்தான்.

"'வாசல் மேல் அறையில் இருக்கிற பச்சைச் சில்லும் அதில் சேர்த்தி. அந்த இடத்திலிருந்த கண்ணாடியைத் தன் செருப்பால் உடைத்ததாக என் மனைவி சொல்லுகிறாள். நான் அன்று அறைக்குள் வந்தபோது அவள் காலில் இரண்டு செருப்பும் இருந்தன. ஆகவே அதை உடைத்தவன், என் கண்ணாடி இந்த வீட்டை விட்டுப் போவதற்குள், அவளிடம் தானே வாய் திறந்து சொல்லக் கடவன்.'"

ஹாப் ஏணியைப் பிடித்தபடியே தொப்பியைக் கழற்றினான்.

"ரெண்டு செருப்புமா?" என்றாள் தாமசின்.

"ரெண்டும்தான். நானும் பாத்தேன்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "டர்னிப் கிழங்கை உதைச்சு விளையாடிக்கிட்டிருந்தேன். அப்பா தோலை உரிச்சிடுவாருன்னு நெனச்சேன். நீங்க நான்தான்னீங்க. நீங்க ஏன் சொன்னீங்கன்னு எனக்குப் புரியல. அன்னிக்கு ராத்திரியே வந்து உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். சொல்லல. மறுநாளும் சொல்லல. அப்புறம் நாளாக நாளாக, உங்க முகத்தைப் பாத்தாலே அதுதான் ஞாபகம் வரும். எப்படிக் கிட்ட வர்றது?"

"பதினெட்டு வருஷமா!"

"பதினெட்டு வருஷமா."

"சரி, இந்த நாப்பது நாளா என்ன பண்ணினே? காகிதத்தை அடை காத்தியா?"

ஜெர்வாஸ் தலையைக் குனிந்துகொண்டான். "கண்ணாடி வீட்டை விட்டுப் போறதுக்குள்ள சொல்லணும்னுதானே எழுதியிருக்கு. நான் சொல்லாம இருந்தா கண்ணாடி போக முடியாது, கண்ணாடி போகலைன்னா நீங்களும்..." என்று நிறுத்தினான். நாலாயிரம் ஆட்டுக்குச் சொந்தக்காரன் பேசுகிற பேச்சா இது?

"போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன வந்துச்சு உனக்கு?"

"நீங்கதானே போறேன்னு ஊரைக் கூட்டிச் சொன்னீங்க! நான் எப்படித் தடுக்கிறது?"

"தடுத்துப் பாக்கறது! என் வாய்ப் பேச்சை நம்புற ஒரே ஆளு இந்த ஊர்ல நீதாண்டா!"

அவள் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. அவன் மெதுவாகச் சொன்னான்: "போகாதீங்க. இருங்க. காகிதத்துல எழுதலன்னாலும் இருங்க."

தாமசினுக்கு அப்போதுதான் புரிந்தது. கட்டிலில் இருமிக்கொண்டு கிடந்த மனுஷன், அறையை ஏன் எழுதவில்லை, கண்ணாடியை ஏன் எழுதினார் என்று. படுபாவி மனுஷன். வாய் விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்து மோதியது. ஜெர்வாஸ் கிட்ட வந்து, எங்கே பிடிப்பது என்று தெரியாமல், அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த பிடியை விடவில்லை.

படியில் தடதடவென்று சத்தம். மூன்று போர்வையைச் சுற்றிக்கொண்டு, மூக்கு சிவக்க, லெட்டிஸ் வந்து நின்றாள்.

"எல்லாரும் இங்க நின்னு அழுதுக்கிட்டிருங்க! கீழ நான் விறைச்சுப் போறேன். அத்தை, போறதுன்னா போங்க, ஆனா அந்த உப்புத்தொட்டியை ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க. மூடியைத் திறந்தேன். நாய் எழுந்து வெளிய போயிடுச்சு."

"உப்பு பத்தாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலையா? இப்படியும் ஒருத்தர் இருப்பாங்களா?"

"வர்றேன், வர்றேன். சாவியைக் கொடு இப்படி." தாமசின் முந்தானை மாதிரி தொங்கிய தலைத்துணியால் மூக்கைச் சிந்திவிட்டு, ஹாப் பக்கம் திரும்பினாள். "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறே? போய் மாட்டு."

"எதை எஜமானியம்மா?"

"எல்லாத்தையும்."

"நாப்பதையுமா?" ஹாப் கூரையைப் பார்த்தான். "கோழிங்க ரொம்ப வருத்தப்படும்மா."

அவன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். லெட்டிஸ் பின்னாலேயே போனாள். ஜெர்வாஸோடு அறைக்கதவுவரை போன தாமசின் மட்டும் திரும்பி ஜன்னலுக்கு வந்தாள். பச்சைச் சில்லின் வழியாக மாதா கோயில் கோபுரம் இடுப்பு ஒடிந்து நின்றது. அதன் அடியில், புதுசாகக் கிளறிய மண் மேடு.

அவள் இடது காலிலிருந்து செருப்பைக் கழற்றி, ஜன்னல் விளிம்பில், அந்தச் சில்லுக்கு நேர் கீழே வைத்தாள். பாவாடையை இரண்டு விரலால் கணுக்கால்வரை தூக்கி, வெறும் காலை மண் மேட்டுப் பக்கம் நீட்டினாள்.

"இப்ப நல்லாப் பாத்துக்கோங்க. ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

அப்புறம் ஒற்றைச் செருப்போடு, ஜெர்வாஸின் தோளைப் பிடித்துக்கொண்டு, உப்புத்தொட்டியைப் பார்க்கப் படியிறங்கினாள்.